சேரங்கோட்டில் இருப்பது பொட்டு அல்ல

கண்ணு,

இதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீ ஓசூர் வேலைக்குக் கிளம்பிய காலையில், பொட்டுவின் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு பஸ் ஏறினாயே, அப்போதே, "இந்த நாயால ஒரு நாள் பெரிய குழப்பம் வரும் பாரு" என்று சொன்னேன். உன் பெரியம்மா, அப்படி நான் சொல்லவே இல்லை, "வண்டில பேட்டரி எறங்கிருச்சாட்ட இருக்குது" என்றுதான் சொன்னேன் என்று சாதிக்கிறாள். சொன்னால் சொல்லட்டும். பேட்டரியைப் பற்றிச் சொன்னாலும் அதற்குள் இதுவும் அடக்கம். எனக்கு வருவது முன்கூட்டியே தெரியும், எந்த விஷயமாக வரும் என்பதுதான் சில நேரம் மாறிப்போகும்.

போன வாரம் நீ போனில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாய். தை மாசம் கல்யாணம் முடிந்த கையோடு பொட்டுவை ஓசூருக்கு எங்களோடு கூட்டிக்கொண்டு போகிறோம் பெரியப்பா, வித்யாவும் சரி என்றுவிட்டாள், மொட்டை மாடி உள்ள வீடாகப் பார்த்துவிட்டோம் என்று. நாய்க்காக வீடு பார்த்திருக்கிறாய். அதைப் படித்துவிட்டு நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பினேன். அனுப்பியது விரல்தான், மனசு இல்லை. ஏனென்றால் சோலூரில் நம் ஊட்டில் இப்போது படுத்திருப்பது உன் பொட்டுவா, இல்லை ஆடி மாசம் நான் சேரங்கோட்டுக்குக் கொடுத்தனுப்பியதுதான் உன் பொட்டுவா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. போனில் சொன்னால் நீ பாதியிலேயே கத்துவாய், நானும் பதிலுக்குக் கத்தி விஷயம் முடியாமல் போகும். எழுதினால் கடைசிவரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும். ஒளித்துப் படிக்காதே, வித்யாவும் படிக்கட்டும். நம்மிடம் நாய் வாங்கிப் போனவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போடத்தான் போகிறேன், என் தப்பிலிருந்து நாலு பேர் படித்துக்கொள்ளட்டும். சேரங்கோட்டுக்காரர்கள் அதில் கிடையாது, அவர்களிடம் இருப்பது பட்டன் போன்.

நான் உனக்குப் பெரியப்பன். தம்பி மகன் என்றால் மகன்தான், நம் பக்கம் அதற்கு வேறு பெயர் வைக்கவில்லை. உன் அப்பன் போகும்போது உனக்கு நாலு வயசு. பள்ளிக்கூடத்தில் கொடுத்த தாளில் தகப்பன் என்று போட்டிருந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். அங்கிருந்த டீச்சர், "நீங்க பெரியப்பாங்கல்ல?" என்று கேட்டபோது, "அதுல பெரியங்கறத மட்டும் விட்டுட்டனுங்க" என்றேன். ஏழாவதோடு நின்றவன் சொன்ன பதில் அது. அந்த அம்மா எழுந்து நின்று கை தட்டியது. அதனால் தகப்பனாகவே எழுதுகிறேன், குற்றவாளியாகவும் எழுதுகிறேன். எது எங்கே முடிகிறது என்று நீ பார்த்துக்கொள்.

குன்னூருக்கு மேலே அந்த எஸ்டேட் பங்களாவில் வாடகைக்கு இருந்தவரைப் பற்றி உனக்குத் தெரியும். டெரியர் நாய்களைக் குட்டி போட வைத்து விற்றுக்கொண்டிருந்தவர். அவருக்கு நான் சாமான் ஏற்றியிறக்கிய பழக்கத்தில்தான் பொட்டு நமக்கு வந்தது, ஒரு ஈற்றில் கடைசியாகப் பிறந்த நோஞ்சான் என்று தள்ளிவிட்டார். நீ பாலிடெக்னிக் முதல் வருஷம். டெரியர் என்றால் வெள்ளைக்காரன் பாஷையில் பயமில்லாதவன் என்று அர்த்தம் என்று நான் சொன்னேன். இல்லை, மண்ணைத் தோண்டுகிறது என்று அர்த்தம் என்றாய். நம் பீன்ஸ் பாத்தியைப் பார்த்தால் நீ சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்தச் சித்திரையில் அந்த ஆள் ஒரு நாள் பூட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். நாய்கள் கொட்டகையிலேயே கிடந்தன. நான் கேரட் இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில் சத்தம் கேட்டு, எட்டடிச் சுவரை ஒரே எம்பில் தாண்டிக் குதித்தேன். ஏழு நாய்கள், எலும்பும் தோலுமாக. கேரட் மூட்டைக்கு விரித்த சாக்கில் படுக்க வைத்து, வழியெல்லாம் வர்க்கி வாங்கிப் போட்டுக்கொண்டே ஊடு வந்து சேர்ந்தேன். உன் பெரியம்மா கதவைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மேட்டுப்பாளையத்துல கேரட்டுக்குப் பதிலா இதத்தான் குடுத்தாங்களா?" என்றாள். சொல்லிவிட்டு உடனே சோறு வடிக்கப் போனாள். கண்ணு, வித்யா உன்னை என்ன சொல்லித் திட்டினாலும் திட்டட்டும், திட்டிவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கிறாளா என்று மட்டும் பார்.

அன்றிலிருந்து அந்த நாய்களுக்கு ஊடு தேடுவதே வேலை. இந்த மலையில் என்னைத் தெரியாத ஆள் இல்லை, நாய் வேண்டும் என்று ஊட்டியிலிருந்து கோத்தகிரிவரை வரிசையில் நின்றார்கள். நான் யாரிடமும் வேறு எதையும் விசாரிப்பதில்லை. ஒரே ஒரு கேள்விதான். "நாய் எங்க படுக்குமுங்க?" வாசலில் என்றால் இல்லை. கார் செட்டில் என்றால் இல்லை. "கூண்டு அடிச்சு வெச்சிருக்கோமுங்க, பெயின்ட் கூட அடிச்சாச்சு" என்று ஒரு பெரிய ஆபீசர் சொன்னார். "சிறுத்தைக்கு டிபன் கேரியர் செஞ்சு வெச்சிருக்கீங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். நம் பக்கத்தில் வெளியே படுக்கிற நாய் மூன்று மாசம் தாங்காது, அதுவும் இந்தக் கைப்பிடி உயரத்து நாய், சிறுத்தையைப் பார்த்தால் ஓடாமல் எதிரே போய் நின்று வாயைக் கொடுக்கும். ஆடி மாசம் சேரங்கோட்டிலிருந்து ராசையாவும் அவர் சம்சாரம் லெட்சுமியும் பஸ் மாறி மாறி வந்தார்கள். இலங்கைத் தோட்டத்திலிருந்து சின்ன வயசில் வந்தவர்கள், இங்கே அரசுத் தோட்டத்திலேயே வேலை பார்த்து, அங்கேயே லயத்து வரிசை வீடு ஒன்றில் இருக்கிறார்கள். ராசையாவுக்கு ரெண்டு காதும் போய்விட்டது. மகன் திருப்பூரில். என் கேள்வியைக் கேட்டேன். லெட்சுமி, "எங்க கட்டிலுக்கடியில" என்றார். "கட்டில் ஒண்ணுதான் இருக்கு. அதுனால வேற எடம் இல்ல." எனக்கு அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது.

மறுவாரம் வந்து நாயைக் கூட்டிப்போகச் சொல்லி அனுப்பினேன், அப்படி அவர்கள் வந்த அன்றைக்குத்தான் தப்பு நடந்தது. எப்படி நடந்தது என்பதை நீ நிதானமாகக் கேட்கவேண்டும். எட்டு நாய்க்கும் சொறி பிடித்து, டாக்டர் எல்லாவற்றையும் மொட்டை அடித்து ஊதா மருந்து பூசச் சொல்லியிருந்தார். கழுத்துப் பட்டையையும் கழற்றி எரிக்கச் சொல்லிவிட்டார். ஐந்து நாய்கள் அதற்குள் வேறு ஊடுகளுக்குப் போய்விட்டன. மிச்சம் மூன்று, அதில் ஒன்று கறுப்பு, அதைப் பற்றிப் பேச்சில்லை. மற்ற ரெண்டும் உன் பொட்டுவும், பொட்டுவின் கூடப் பிறந்ததோ அடுத்த ஈற்றில் பிறந்ததோ, அந்த இன்னொன்றும். ஒரே அச்சு. ரெண்டுக்கும் நெற்றியில் அதே பழுப்புப் புள்ளி. அதுவும் ஊதாவில் மூழ்கிப் போயிருந்தது. மாறிவிடக் கூடாது என்று முந்தின நாளே நான் ஒன்றின் கழுத்தில் சிவப்புச் சணல் கட்டினேன். தொடாதே, இது நம்முடையது என்பதற்காகச் சிவப்பு. அன்று எனக்கு லோடு. உன் பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒரு வாரம், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுவரைத் தடவி நடந்துகொண்டிருந்தாள். வண்டியில் உட்கார்ந்தபடியே, "அவங்க வந்தா கொண்டுபோகட்டும், சணல் கட்டியிருக்கறன்" என்று கத்திவிட்டுப் போய்விட்டேன். சணல் எதற்கு என்று சொல்லவில்லை. அவள் இருபது வருஷம் என்னோடு லோடு பார்த்தவள். நம் வண்டியில் சிவப்புச் சணல் கட்டிய மூட்டை என்றால் முதலில் இறக்கவேண்டிய மூட்டை. அவள் சிவப்பைத் தடவிப் பார்த்து, அந்த நாயை இறக்கிக் கொடுத்துவிட்டாள்.

அப்படியானால் போனது பொட்டுதானே என்று நீ கேட்பாய். அங்கேதான் எனக்குத் தலை சுற்றுகிறது. தொடாதே என்று நினைத்துச் சிவப்புக் கட்டியதாக எனக்கு ஞாபகம். ஆனால் முப்பது வருஷமாக இந்தக் கை, இறங்கவேண்டியதற்குத்தான் சிவப்புக் கட்டியிருக்கிறது. மனசு ஒன்று நினைக்க, கை தன் பழக்கப்படி போகிற நாய்க்கே கட்டியிருந்தால்? அப்படிக் கட்டியிருந்தால் போனது சரியான நாய். எந்தக் கழுத்தில் முடிச்சுப் போட்டேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், முடிச்சு தெரிகிறது, கழுத்து தெரியவில்லை. உன் பெரியம்மாவோ, "எனக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க, ரெண்டும் ஒரே மாதிரி சோத்தத் தள்ளிட்டுக் கறிய மட்டும் தின்னுது" என்கிறாள். முடி வளர்ந்த பிறகு நீ அனுப்பிய பழைய போட்டோக்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் முக்கால்வாசி உன் முகம், நாய்க்கு ஒரு காதுதான் கிடைத்திருக்கிறது. வீடியோவில் நீ கூப்பிட்டபோது இங்கே இருப்பவன் வாலாட்டினான் என்று நீயே சந்தோஷப்பட்டாய். அவன் கேஸ் சிலிண்டர்க்காரர் கூப்பிட்டாலும் ஆட்டுகிறான்.

அப்புறம்தான் "இரு" என்கிற சொல் நினைவுக்கு வந்தது. வர்க்கித் துண்டைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நீ "இரு... இரு..." என்பாயே. பொட்டு பின்னங்காலை மடக்கி உட்கார்ந்து, எச்சில் ஒழுக, நீ "ம்" என்கிறவரை அசையாது. வேறு எந்த நாய்க்கும் நீ அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. உன் செய்தி வந்த மறுநாள் காலையில் இங்கே இருப்பவனிடம் வர்க்கியைக் காட்டி "இரு" என்றேன். ஒரே தாவலில் வர்க்கியையும் என் சட்டைப் பொத்தானையும் சேர்த்துக் கொண்டுபோனான். "இவன் பொட்டு இல்லீடி" என்றேன். உன் பெரியம்மா அசரவில்லை. "ஒரு நாளைக்கு நூறு தடவ போனுல இரு இரு, வண்டில இரு இரு, சாப்புட வாங்கன்னா இரு இருன்னா, எந்த நாய்ங்க அந்தச் சொல்ல மதிக்கும்? நானே மதிக்கறதில்ல" என்றாள். அதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டால் அப்புறம் அது வேலை செய்யாது. இதையும் குறித்துக்கொள், குடும்பத்துக்கு உதவும்.

சரி, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தேன். நடுவட்டம் இறங்கி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி வழியாகச் சேரங்கோடு. கிளம்பும்போது உன் பெரியம்மா ஒரு பையைக் கொடுத்தாள். அதில் உன் பழைய நீல ஸ்வெட்டர், நீ கடைசியாகப் போட்டுக் கழற்றியது, துவைக்காமல் பெட்டியில் வைத்திருந்தாள். லயத்து வாசலில் போய் நின்றதும் லெட்சுமி வெளியே வந்தார். "வாங்க வாங்க! இருங்க" என்றார். சரி, உள்ளே ஏதோ வேலையாக இருக்கிறார்கள், காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று நானும் நின்றேன். பத்து நிமிஷம். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுபடியும், "இருங்க" என்றார். "இருக்கறனுங்க" என்றேன், நின்றுகொண்டே. "அட, ஏன் கால் கடுக்க நிக்கிறீங்க? இருங்கன்னு எத்தன தரம் சொல்றது!" என்று பெஞ்சைத் தட்டிக் காட்டினார். அப்போதுதான் புரிந்தது, அவர்கள் பேச்சில் இரு என்றால் உட்கார். நான் திரும்பிப் பார்த்தேன். கட்டிலுக்கடியிலிருந்து எப்போதோ வெளியே வந்த நாய், அவர் "இருங்க" என்று எனக்குச் சொன்னதைக் கேட்டு, என் பக்கத்தில் பின்னங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. எனக்குப் புரியாத தமிழ் அதற்குப் புரிந்திருந்தது.

உன் பொட்டு உட்காருகிற மாதிரியேதான் உட்கார்ந்திருந்தது, கண்ணு. இல்லை என்று சொல்லமாட்டேன். "இது வந்தப்பவே இப்படி இருக்குமா, நீங்க பழக்குனதுங்களா?" என்று கேட்டேன். லெட்சுமி, "எங்க ஊட்டுல வாற போற எல்லாருக்கும் இருங்கன்னுதான் சொல்லுவோம். இது பாத்துப் பாத்து இருந்துக்கிச்சு போல. வந்தப்ப எப்படின்னு யாரு கண்டா" என்றார். ராசையா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், என்ன பேசுகிறோம் என்று தெரியாமல். பிறகு அவராகவே, காது கேட்காதவர்களுக்கு வருகிற பெரிய குரலில், "சின்னவன் கெட்டிக்காரன்!" என்றார். நாய்க்கு அவர்கள் வைத்த பெயர் சின்னவன். "நீங்க யானைக்கே பயப்படாத நாய்னு சொல்லிக் குடுத்தீங்க. யானை வந்தா ஒரு சத்தம் போடாது. கட்டிலுக்கடியில என் முதுகுக்கு நேரா வந்து நடுங்கும். பலகை ஆடும். எனக்கு முழிப்பு வந்துரும். கதவத் தெறக்க மாட்டோம்." லெட்சுமி தேத்தண்ணியை வைத்துவிட்டு, போன மாசம் வாழைக்காக வந்த ஒற்றை யானை கதவுக்கு நாலடியில் நின்றுவிட்டுப் போனதைச் சொன்னார். "நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். இவருக்குக் காது கேக்காது, வழக்கம் போல விடியமுன்னாடி வெளிய போவாரு. சின்னவன் பலகைய ஆட்டுனதுனால இருந்துட்டாரு." இருந்துட்டாரு என்றால் உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தமா, உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தமா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு அவர் மெதுவாகக் கேட்டார், "நாய திருப்பிக் கேட்டு வந்தீங்களா?"

"சேச்சே, ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்றேன். அப்புறம் பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து, குளிர்கிறது என்கிற மாதிரி மடியில் விரித்தேன். நாய் வந்தது. மோந்தது. ஒரு தும்மல் போட்டது. அவ்வளவுதான், திரும்பிப் போய் ராசையாவின் காலடியில் படுத்துக்கொண்டது. நீ கட்டிப்பிடித்துத் தூங்கிய நாய், உன் வேர்வையை மோந்துவிட்டு இப்படித் தும்மிவிட்டுப் போகுமா? போகாது. நாய் மூக்கு பொய் சொல்லாது. ஆகவே சேரங்கோட்டில் இருப்பது பொட்டு அல்ல. நம் ஊட்டில் இருப்பவன்தான் பொட்டு, "இரு"வை மறந்துபோன பொட்டு. நீ தைரியமாக வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போகலாம், வித்யாவுக்கும் பொத்தான் வைத்த சட்டை போடவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடு. இதோடு என் பாரம் இறங்கியது. கல்யாணத்துக்குப் போகிறவனுக்குப் பெரியப்பன் சொல்லவேண்டியது ஒன்றுதான். அவள் ஊட்டில் ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று முதலிலேயே கேட்டுக்கொள். என்னைப் போல் பத்து நிமிஷம் நிற்காதே. அதைவிட, சணல் கட்டினால் எதற்குக் கட்டினாய் என்று வாயைத் திறந்து சொல்.

இதுவரை எழுதியதை உன் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சுவர், டீச்சர், ஆபீசர் எல்லாவற்றுக்கும் சும்மா சிரித்துக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஸ்வெட்டர் வந்ததும் கை நின்றுவிட்டது. "அந்தப் பையி வண்டி சீட்டுக்கடியிலயே கெடக்குதுங்களே. நான் போட்ட முடிச்சு போட்டபடியே இருக்குது" என்றாள். அப்புறம் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் இந்தத் தாளை நான் அப்படியே மடித்து அனுப்பியிருப்பேன்.

கண்ணு, நான் அந்தப் பையைப் பிரிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன், அவ்வளவுதான். நாய் தும்மவும் இல்லை, மோக்கவும் இல்லை. நாய் ஒருமுறை பையின் பக்கம் மூக்கைக் கொண்டுவந்தது. நான் பையைத் தூக்கி மறுபக்கம் வைத்துக்கொண்டேன். அதுதான் பொட்டு என்று தெரிந்துவிட்டால் அந்த ஊட்டிலிருந்து எழுந்து வருவதற்கு எனக்குக் காலில்லை. இங்கே இருப்பவனிடமும் காட்டவில்லை. இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் உனக்கு நான் என்ன சொல்வது? ஆக, எது உன் நாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவில்லை என்று எழுதுவதுதான் சரி. பை இன்னும் சீட்டுக்கடியில்தான் இருக்கிறது, துவைக்கவில்லை. நீ வந்ததும் முடிச்சை நீயே அவிழ்த்துக்கொள். அவிழ்க்காமல் இங்கே இருப்பவனைக் கூட்டிக்கொண்டு போனாலும் நான் ஏன் என்று கேட்கமாட்டேன்.